இளம் டென்னிஸ் வீரரை முதல் படியிலிருந்தே பின்தொடர்வது எப்படி? ரசிகருக்கு ஒரு முழு வழிகாட்டி

2025 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில், தரநிலையில் ஒன்பதாம் இடத்தில் இருந்த ஆந்த்ரே ரூப்லெவை 18 வயது ஜோவோ ஃபொன்சேகா நேர் செட்களில் சாய்த்தார். "யார் இந்தப் பையன்?" என்று உலகமே கேட்டது. ஒரு சிலர் மட்டும் கேட்கவில்லை. அவர் 2023இல் அமெரிக்க ஓபன் ஜூனியர் பட்டம் வென்றதும், அந்த ஆண்டை ஜூனியர் நம்பர் 1 ஆக முடித்ததும், 2024 பிப்ரவரியில் 17 வயதில் ரியோ தொடரின் கால் இறுதி வரை போனதும், டிசம்பரில் இளம் வீரர்களுக்கான நெக்ஸ்ட் ஜென் பட்டம் வென்றதும், அடுத்த சில வாரங்களிலேயே கான்பெராவில் சேலஞ்சர் (பெரிய தொடர்களுக்கு ஒரு படி கீழே உள்ள தொடர்) பட்டம் வென்றதும், மெல்பர்னில் மூன்று தகுதிச் சுற்று ஆட்டங்களைத் தாண்டி வந்ததும் அவர்களுக்குத் தெரியும். இதில் எதுவும் ரகசியமே இல்லை. எல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தன. எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் விஷயம்.

ஒரு இளம் வீரர்மேல் உங்கள் கண் பட்டுவிட்டது, இனி அவரை விடாமல் கவனிக்கப் போகிறீர்கள் என்றால், இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். 'வீரர்' என்று நான் எழுதும் இடமெல்லாம் பெண்களுக்கும் பொருந்தும். விதிகள் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: ஜூனியர் முடிவுகளைச் சரியாகப் படியுங்கள்

ஜூனியர் பட்டத்தைப் பார்த்து மயங்குவதுதான் புது ரசிகர்கள் முதலில் செய்வது. 2013 விம்பிள்டன் ஜூனியர் ஆண்கள் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் கியான்லூயிஜி குயின்சி, தென்கொரியாவின் சுங் ஹியோனை நேர் செட்களில் வென்றார். குயின்சிதான் அடுத்த பெரிய ஆள் என்று எல்லோரும் எழுதினார்கள். தோற்ற சுங், 2018 ஆஸ்திரேலிய ஓபனில் ஜோகோவிச்சை வீழ்த்தி அரையிறுதி வரை போனார், தரவரிசையில் 19ஆம் இடம் வரை ஏறினார். குயின்சி ஒருமுறைகூட முதல் 100க்குள் வராமல் 2021இல் ஓய்வு பெற்றார்.

மறுபக்கம் யானிக் சின்னர். ஜூனியர் தரவரிசையில் அவருடைய உச்சமே 133தான். அவர் ஜூனியர் போட்டிகளை அதிகம் சட்டை செய்யவில்லை. 2019 பிப்ரவரியில், உலகத் தரவரிசையில் 500க்கும் கீழே இருந்த 17 வயதில், வைல்டு கார்டில் (அமைப்பாளர்கள் தரும் இடம்) உள்ளே வந்து பெர்கமோ சேலஞ்சரை வென்றார். ஜூனியர் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரைத் தவறவிட்டிருப்பார்கள்.

சரி, அப்படியானால் ஜூனியர் முடிவுகளே வேண்டாமா? வேண்டும், ஆனால் வயதோடு சேர்த்துப் பாருங்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் ஜூனியர் சுற்று 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. 18 வயது முடியப்போகும் பையன் ஜே300 என்ற உயர்நிலை ஜூனியர் தொடரை வெல்வதும், 15 வயதுப் பையன் அதே தொடரில் கால் இறுதிக்கு வருவதும் ஒன்றல்ல. எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி. 2018 பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டத்தை கோகோ காஃப் வென்றபோது அவருக்கு வயது 14. மார்ட்டினா ஹிங்கிஸ் 1993இல் அதே பட்டத்தை 12 வயதில் வென்றார். தன் வயதைவிட மூன்று நான்கு ஆண்டு பெரியவர்களோடு மோதிக் கிடைத்த வெற்றிக்குக் கனம் அதிகம்.

சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையன்கள் 15 வயதில் வெறும் பலத்திலேயே ஜெயிப்பார்கள். மற்றவர்களும் வளர்ந்ததும் அந்தச் சாதகம் காணாமல் போய்விடும். அதனால் ஜூனியர் ஆட்டங்களில் முதல் சர்வின் வேகத்தைப் பார்த்து வாய் பிளக்காமல், நீண்ட நாள் நிற்கக்கூடிய விஷயங்களைக் கவனியுங்கள்: சர்வை எவ்வளவு சீக்கிரம் படித்துத் திருப்புகிறார், அகலமாக இழுக்கப்பட்ட பிறகு எவ்வளவு வேகமாகக் கோர்ட்டின் நடுவுக்குத் திரும்புகிறார், 30-40இல் இரண்டாவது சர்வைத் தைரியமாகப் போடுகிறாரா, இல்லை பந்தைத் தள்ளிவிட்டுப் பிரார்த்தனை செய்கிறாரா.

ஜூனியர் தரவரிசைக்கு ஒற்றையரில் சிறந்த ஆறு முடிவுகளும், இரட்டையரில் சிறந்த ஆறு முடிவுகளின் கால்பங்கும் கணக்கில் வரும். நிறையத் தொடர்கள் ஆடி, அவற்றில் ஆறு மட்டும் நன்றாக அமைந்தவர்கூட மேலே தெரிவார். எண்ணிக்கையைப் பார்க்காமல் தரவரிசையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள்.

படி 2: ஏணியை மனப்பாடம் செய்யுங்கள்

போட்டிகளின் பெயரில் இருக்கும் எண், பெரும்பாலும் சாம்பியனுக்குக் கிடைக்கும் புள்ளி. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜூனியரில் ஜே30, ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500 என்று ஏறி, ஜூனியர் கிராண்ட் ஸ்லாமில் 1,000 புள்ளியில் முடியும். இவை ஜூனியர் புள்ளிகள். சீனியர் தரவரிசைக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

தொழில்முறை ஆண்களுக்குக் கீழ்ப்படி எம்15, எம்25. அதற்கு மேல் சேலஞ்சர் 50, 75, 100, 125, 175. அப்புறம் ஆண்களின் முதன்மைச் சுற்றான ஏடிபியின் 250, 500, 1000. உச்சியில் 2,000 புள்ளியோடு கிராண்ட் ஸ்லாம். பெண்களுக்கு டபிள்யூ15, 35, 50, 75, 100 என்று ஐடிஎஃப் தொடர்கள், பிறகு பெண்களின் முதன்மைச் சுற்றான டபிள்யூடிஏவின் 125, 250, 500, 1000. பழைய செய்திகளைத் தேடினால் டபிள்யூ25, டபிள்யூ60 போன்ற பெயர்களும் ஜூனியரில் 'கிரேடு 1', 'கிரேடு ஏ' போன்றவையும் கண்ணில் படும். பெயர்தான் மாறியது, ஏணி ஏறக்குறைய அதேதான்.

கீழ்ப்படியில் வாழ்க்கை எப்படி என்பதைப் பணத்தில் பார்த்தால் புரியும். மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள எம்15 தொடரில் முதல் சுற்றில் தோற்பவர் கையில் வருவது ஏறக்குறைய 156 டாலர். பட்டம் வென்றாலும் 2,000 டாலரைச் சற்றுத்தான் தாண்டும். விமானம், தங்கும் அறை, ராக்கெட் நரம்பு மாற்றும் செலவு எல்லாம் அதற்குள் அடங்காது. 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. ஒரு 19 வயது வீரர் வாரம் தவறாமல் எங்கோ ஒரு மூலையில் சேலஞ்சர் ஆடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். 128 பேர் கொண்ட கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் 104 பேர் தரவரிசை மூலம் நேரடியாக நுழைவார்கள், 16 பேர் தகுதிச் சுற்றிலிருந்து வருவார்கள், எட்டு வைல்டு கார்டு. ஆகவே உங்கள் வீரருக்கு முதல் பெரிய எல்லைக்கோடு, தகுதிச் சுற்றில் இடம் தரும் 230 சொச்சம். இரண்டாவது, 100.

படி 3: வாராந்திர வழக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்

முதலில் ஐடிஎஃப் இணையதளத்தில் உங்கள் வீரரின் பக்கத்தையும், ஏடிபி அல்லது டபிள்யூடிஏ தளத்தில் அவருடைய பக்கத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மாறுகிற பருவத்தில் ஒருவருக்கு இரண்டு இடத்திலும் முடிவுகள் சிதறிக் கிடக்கும். ஒரு வாரம் ஜே500, மறுவாரம் டபிள்யூ35 என்று ஆடுகிறவரை ஒரே தளத்தில் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

நுழைவுப் பட்டியல்தான் உண்மையான முன்னறிவிப்பு. ஐடிஎஃப் தொழில்முறைத் தொடர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை வாரம் முன்பே பதிவு முடிந்துவிடும். கிராண்ட் ஸ்லாமுக்கு ஆறு வாரம் முன்பே. அதனால் விம்பிள்டனில் நுழைய வேண்டிய புள்ளிகளை மே மாதத்துக்குள் சேர்த்தாக வேண்டும். ஜூன் மாதம் அருமையாக ஆடினாலும் பயன் அடுத்த தொடருக்குத்தான். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று தொடர்களில் பெயர் தெரிந்தால் குழம்ப வேண்டாம். கீழ்நிலையில் வீரர்கள் பல இடங்களில் பதிவு செய்து, எதில் இடம் உறுதியாகிறதோ அதற்குப் போவார்கள். பட்டியலில் பெயர் திடீரென மறைந்தால் அது காயமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஞாயிறு, திங்களில் தகுதிச் சுற்று, செவ்வாய் புதனில் பிரதான முதல் சுற்று, வெள்ளியன்று கால் இறுதி என்பது பொதுவான ஓட்டம். திங்கட்கிழமை புதிய தரவரிசை. கிராண்ட் ஸ்லாம் நடக்கும் இரண்டு வாரத்தில் இடையில் தரவரிசை மாறாது. அந்த நேரத்தில் "ஏன் இன்னும் ஏறவில்லை?" என்று தவிப்பதில் அர்த்தமில்லை.

ஆட்ட அட்டவணை முந்தைய நாள் மாலைதான் வரும். அதில் நேரம் போட்டிருப்பது முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான். உங்கள் வீரர் மூன்றாவது ஆட்டம் என்றால், முன்னால் இருக்கும் இரண்டும் மூன்று செட் போகுமா, மழை வருமா என்பதைப் பொறுத்தது. சில ஆட்டங்களுக்கு 'இந்த நேரத்துக்கு முன் தொடங்காது' என்று போட்டிருப்பார்கள். அதை நம்பலாம். நேர மண்டலத்தைக் கணக்கிடும்போது, போட்டி நடக்கும் ஊரில் கோடைக்கால நேர மாற்றம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலாரம் வைத்து எழுந்து கடைசி கேமை மட்டும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

படி 4: டிராவைப் படியுங்கள்

டிரா என்பது யார் யாரோடு மோதுகிறார் என்ற பட்டியல். அதில் வீரர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். டபிள்யூசி என்றால் வைல்டு கார்டு, அமைப்பாளர்கள் கொடுத்த இடம். க்யூ என்றால் தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர். எல்எல் என்றால் 'லக்கி லூசர்', தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றும், யாரோ விலகியதால் உள்ளே வந்தவர். பிஆர் என்றால் நீண்ட காயத்துக்குப் பின் பழைய தரவரிசையைப் பயன்படுத்துகிறவர்.

கோகோ காஃபின் முதல் டபிள்யூடிஏ பட்டம் எல்எல் என்ற இரண்டு எழுத்தோடு வந்தது. 2019 அக்டோபரில் லின்ஸ் தொடரின் தகுதிச் சுற்றில் தோற்றவர், ஒருவர் விலகியதால் பிரதான சுற்றில் நுழைந்து 15 வயதில் கோப்பையைத் தூக்கினார். அதனால் தகுதிச் சுற்றுக் கடைசி ஆட்டத்தில் உங்கள் ஆள் தோற்றதும் தளத்தை மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். அடுத்த நாள் டிராவை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வைல்டு கார்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கறாரான அபிப்பிராயம் உண்டு. பெரிய கிராண்ட் ஸ்லாம் நடத்தும் நாட்டைச் சேர்ந்த பதின்வயதினருக்கு அவை தாராளமாகக் கிடைக்கும், மற்றவர்களுக்கு அபூர்வம். வைல்டு கார்டில் ஏடிபி 500இல் முதல் சுற்றில் தோற்றவரைவிட, இரண்டு தகுதிச் சுற்று ஆடி சேலஞ்சர் 75இல் இரண்டாம் சுற்று வந்தவர் அந்த வாரத்தில் அதிகம் கற்றிருப்பார். கிடைத்ததைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு: 2020இல் ரியோவில் வைல்டு கார்டு பெற்ற 16 வயது கார்லோஸ் அல்கராஸ், அதிகாலை மூன்று மணி வரை நீண்ட ஆட்டத்தில் ஆல்பர்ட் ராமோஸ்-வினோலாஸை வென்று தன் முதல் ஏடிபி வெற்றியைப் பெற்றார். ஆனால் அவர் உடனே அந்த உயரத்திலேயே தங்கிவிடவில்லை. அதே ஆண்டு கீழே இறங்கி டிரியெஸ்டே, பார்சலோனா, அலிகான்டே என்று மூன்று சேலஞ்சர் பட்டங்களைச் சேர்த்துக்கொண்டு திரும்ப ஏறினார். இரண்டு ஆண்டு கழித்து 19 வயதில் உலக நம்பர் 1.

டிரா வெளியானதும் எதிராளியின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். 300ஆம் இடத்தில் இருக்கும் ஒரு 31 வயதுக்காரர், முன்பு முதல் 60இல் இருந்தவராக இருக்கலாம். அவரிடம் 7-5, 6-4 என்று தோற்பதை 'கத்துக்குட்டியிடம் தோல்வி' என்று எழுதினால் நமக்குத்தான் அவமானம்.

படி 5: ஆட்டத்தைப் பாருங்கள், ஸ்கோரையும் படியுங்கள்

சேலஞ்சர் ஆட்டங்களை ஏடிபியின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஐடிஎஃப் தொடர்கள் பலவற்றுக்கும் நேரலை உண்டு. ஒரே ஒரு கேமரா, வர்ணனை இல்லை, காற்றின் சத்தம், பக்கத்துக் கோர்ட்டில் யாரோ கத்துவது. எனக்கு இது பெரிய தொலைக்காட்சி ஒளிபரப்பைவிடப் பிடிக்கும். கேமரா அசையாமல் முழுக் கோர்ட்டையும் காட்டுவதால், பந்து இல்லாத பக்கத்தில் வீரர் என்ன செய்கிறார் என்பது தெரியும்.

வீடியோ இல்லாத நாளில் நேரலை ஸ்கோர்தான் கதி. நடுவர் தன் கையில் உள்ள கருவியில் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டுவதுதான் உங்கள் திரையில் வருகிறது. 40-30இல் ஸ்கோர் ஐந்து நிமிடம் அசையவில்லை என்றால் மருத்துவ இடைவேளையாக இருக்கலாம், கோட்டுத் தகராறாக இருக்கலாம், வெறும் இணையக் கோளாறாகவும் இருக்கலாம். பக்கத்துக் கோர்ட்டின் ஸ்கோரும் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கோர்ட்டும் நின்றிருந்தால் மழை.

ஒரு ஸ்கோரை நெருங்கிப் பார்ப்போம். உங்கள் வீரர் 6-3, 6-7, 2-6 என்று தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்த்ததும் 'உடல் தாக்குப்பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டத் தோன்றும். இப்போது கேம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது செட்டில் 5-4 என்று முன்னிலையில், தன் சர்வில், இரண்டு மேட்ச் பாயின்ட் இருந்ததா? அந்த இரண்டிலும் என்ன நடந்தது? முதல் சர்வ் விழுந்து எதிராளி அருமையாகத் திருப்பியிருந்தால் அது ஒரு கதை. இரண்டிலும் இரட்டைத் தவறு என்றால் முற்றிலும் வேறு கதை. மூன்றாவது செட்டில் முதல் மூன்று கேமிலேயே சர்வை இருமுறை இழந்து, பிறகு கடைசி வரை சர்வைக் காப்பாற்றியிருந்தால், கோளாறு உடம்பில் இல்லை. இரண்டாவது செட்டில் கைவிட்டுப் போன வாய்ப்பு பதினைந்து நிமிடம் அவர் தலையைவிட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான். அது வயதோடு சரியாகிற விஷயம்.

புள்ளிவிவரப் பட்டியலில் ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்க நேரம் இருந்தால், இரண்டாவது சர்வில் வென்ற புள்ளிகளின் சதவீதத்தைப் பாருங்கள். ஏஸ் எண்ணிக்கை கோர்ட்டின் வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். இரண்டாவது சர்வில் ஆண்கள் மேல்மட்டத்திலேயே ஏறக்குறைய பாதியைத்தான் வெல்கிறார்கள், பெண்கள் அதைவிடச் சற்றுக் குறைவு. எம்15இல் 55 சதவீதம் வைத்திருக்கும் பையன் சேலஞ்சருக்குப் போனதும் 42க்கு விழுந்தால், அடுத்த ஆறு மாதம் அவர் பயிற்சியில் எதைச் சரிசெய்வார் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தோல்விகளைப் பார்த்து ரொம்பவும் கலங்காமல் இருக்க ஒரு கணக்கு உதவும். ரோஜர் பெடரர் 2024இல் டார்ட்மவுத் கல்லூரியில் பேசியபோது சொன்னது இது: தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்றார், ஆனால் வென்ற புள்ளிகள் 54 சதவீதம்தான். உங்கள் வீரர் 49 சதவீதப் புள்ளிகளோடு தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் ஒன்றும் அதல பாதாளத்தில் இல்லை.

2025 முதல் ஆட்டத்தின்போது பயிற்சியாளர் இருக்கையிலிருந்தே ஆலோசனை சொல்ல விதி அனுமதிக்கிறது. நேரில் பார்த்தாலும் ஒளிபரப்பில் பார்த்தாலும், ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் வீரர் அந்தப் பக்கம் திரும்புகிறாரா என்று கவனியுங்கள். கீழ்நிலையில் பலருக்குக் கூட வரும் பயிற்சியாளரே இருக்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: புள்ளிகளுக்கு உங்கள் சொந்தக் கணக்கு

தொழில்முறைத் தரவரிசையில் ஒரு தொடரில் எடுத்த புள்ளி 52 வாரம் வாழும், பிறகு விழுந்துவிடும். போன ஆண்டு இதே வாரம் எடுத்ததை இந்த ஆண்டு திரும்ப எடுக்காவிட்டால் இறக்கம்தான். ஆட்டம் மோசமாகாமலே தரவரிசை சரியலாம், நல்ல வாரம் போயும் அசையாமல் இருக்கலாம்.

இதற்கு எம்மா ராடுகானுவை மிஞ்சிய உதாரணம் இல்லை. 2021 அமெரிக்க ஓபனில் 150ஆம் இடத்தில் இருந்த 18 வயது ராடுகானு, தகுதிச் சுற்றிலிருந்து வந்து பத்து ஆட்டங்களில் ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்றார். தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் ஆள், ஆண் பெண் இருபாலரிலும். மறு ஆண்டு அதே தொடரில் முதல் சுற்றில் தோற்றதும் 2,000 புள்ளி மொத்தமாகப் போய், 11ஆம் இடத்திலிருந்து 83க்கு இறங்கினார். ஒரே இரவில் அவர் 72 இடம் மோசமாகிவிடவில்லை. பெரிய வாரம் ஒன்றின் நிழல் ஓராண்டு முழுக்க அவருடைய எண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தது.

ஒரு நோட்டிலோ கணினி அட்டவணையிலோ நான்கு கட்டம் போதும்: வாரம், தொடரின் நிலை, கிடைத்த புள்ளி, அது விழும் தேதி. கூடவே அவர் வென்ற எதிராளிகளில் உயர்ந்த தரவரிசை உள்ளவர் யார் என்று ஒரு கட்டம் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம் இதை நிரப்பினால், தரவரிசை 340இலேயே நின்றாலும் போன ஆண்டு 500ஆம் இடத்தவர்களை வென்றவர் இந்த ஆண்டு 200ஆம் இடத்தவர்களை வெல்கிறார் என்பது தெரியும். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

படி 7: ஆடாத வாரங்களையும் புரிந்துகொள்ளுங்கள்

இளம் வீராங்கனை இரண்டு மாதம் எங்கும் ஆடவில்லை என்றால் உடனே காயம் என்று நினைக்காதீர்கள். முதலில் பிறந்தநாளைப் பாருங்கள். டபிள்யூடிஏ வயது விதிப்படி 14 வயதுக்குக் கீழே தொழில்முறைத் தொடரே ஆட முடியாது. 14 வயதில் எட்டு, 15இல் பத்து, 16இல் பன்னிரண்டு, 17இல் பதினாறு என்று அடிப்படை வரம்பு, நன்றாக ஆடுகிறவர்களுக்கு அதன்மேல் சில கூடுதல் இடங்கள். இந்தக் கணக்கு ஒரு பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் வரை ஓடும். பிறந்தநாளுக்குச் சற்று முன் அமைதியாக இருந்தவர், கேக் வெட்டிய மறுவாரமே டிராவில் தெரிவார்.

இந்த விதி சும்மா வந்ததல்ல. ஜெனிபர் கேப்ரியாட்டி 1990இல் 13 வயதில் தொழில்முறைக்கு வந்து, அதே ஆண்டு 14 வயதில் பிரெஞ்சு ஓபன் அரையிறுதி ஆடினார். 1992இல் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். பதின்வயது முடிவதற்குள் சோர்ந்துபோய் ஆட்டத்தைவிட்டே விலகிப்போனார். அந்த அனுபவத்துக்குப் பிறகே 1995 முதல் வரம்புகள் இறுகின. அவர் மீண்டு வந்து 2001, 2002 ஆஸ்திரேலிய ஓபனையும் 2001 பிரெஞ்சு ஓபனையும் வென்றது தனிக் கதை.

படிப்பு இன்னொரு காரணம். ராடுகானுவே 2021 கோடைக்கு முன் பள்ளித் தேர்வுக்காக நீண்ட காலம் அதிகம் ஆடவில்லை. அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் பக்கம் போகிறவர்கள் 'காணாமல் போனவர்கள்' ஆகிவிட மாட்டார்கள். பென் ஷெல்டன் 2022இல் கல்லூரிகளுக்கான தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றுவிட்டுத்தான் தொழில்முறைக்கு வந்தார். கேமரூன் நோரியும் கல்லூரி வழிதான். உங்கள் வீரர் கல்லூரியில் சேர்ந்தால், கல்லூரி அணியின் ஆட்ட அட்டவணையைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

காயத்தைப் பொறுத்தவரை, வளரும் உடம்பில் கீழ்முதுகும் சர்வ் போடும் தோளும் மணிக்கட்டும்தான் அதிகம் படுத்தும். 'விலகினார்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மருத்துவ அறிக்கை எழுத வேண்டாம். திரும்பி வந்த பிறகு முதல் சில தொடர்களின் முடிவுகளை நோட்டில் பென்சிலால் எழுதுங்கள் என்பேன்.

பொறுமைக்கு அளவுகோல் வேண்டுமென்றால் ஸ்டான் வாவ்ரிங்கா. 2003இல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டம், முதல் கிராண்ட் ஸ்லாம் 2014இல், 28 வயதில். பெடரரே 1998இல் ஜூனியர் விம்பிள்டனை வென்று, 2002 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்று, 2003இல்தான் கோப்பையைத் தொட்டார்.

படி 8: திடீர் வெளிச்சம் வரும்போது

ஒரு நாள் உங்கள் ஆள் பெரிய வீரர் ஒருவரை வீழ்த்துவார். 2019 விம்பிள்டனில் 15 வயது காஃப் வீனஸ் வில்லியம்ஸை வென்றதைப் போல. தகுதிச் சுற்றுக்கே வைல்டு கார்டில் வந்தவர், நான்காம் சுற்று வரை போனார். அதற்கு அடுத்த பன்னிரண்டு மாதம்தான் ரசிகருக்கு உண்மையான சோதனை. எதிராளிகள் அவருடைய காணொளிகளை உட்கார்ந்து பார்க்கத் தொடங்குவார்கள், அவருடைய பலவீனமான பக்கத்துக்கே பந்தை அனுப்புவார்கள். முடிவுகள் கொஞ்சம் சரிவது இயல்பு. காஃபின் முதல் கிராண்ட் ஸ்லாம் 2023இல் வந்தது, அந்த வெற்றிக்கு நான்கு ஆண்டு கழித்து.

இந்தப் பருவத்தில் 'அடுத்த நடால்', 'அடுத்த செரீனா' தலைப்புகளை ஒதுக்கிவிட்டு, தொடர்த் தேர்வைக் கவனியுங்கள். திடீர் வெற்றிக்குப் பிறகு பெரிய தொடர்களை மட்டும் ஆடி முதல் சுற்றுகளில் தோற்றுக்கொண்டிருக்கிறாரா, அல்லது நடுவில் ஒன்றிரண்டு சேலஞ்சர், 125 தொடர்களில் இறங்கி நான்கைந்து ஆட்டம் வென்று கையைச் சூடாக்கிக்கொள்கிறாரா? இரண்டாவதைச் செய்கிற குழுவுக்கு விஷயம் தெரியும்.

படி 9: ரசிகராக நடந்துகொள்வது

நீங்கள் பின்தொடர்வது பல நேரம் 16, 17 வயதுப் பிள்ளையை. 2024ஆம் ஆண்டுக்கு டபிள்யூடிஏவும் ஐடிஎஃப்பும் வெளியிட்ட அறிக்கையின்படி, 458 வீரர் வீராங்கனைகளை நோக்கி ஏறக்குறைய 8,000 வசைப் பதிவுகள் போயின. அவற்றில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்களிடமிருந்து. ஒரு தோல்விக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் கைப்பேசியில் என்ன குவிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "நல்லா ஆடினீங்க, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஒரு வரி எழுதுவதும், ஒன்றுமே எழுதாமல் இருப்பதும் சரி. ஆட்ட நுணுக்க அறிவுரை வேண்டாம், அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் இருக்கிறார்.

"தோள்பட்டை இப்போது எப்படி இருக்கிறது?" என்று நேரடியாகக் கேட்பதையும் தவிருங்கள். பந்தயத்துக்குப் பயன்படும் உள் தகவல்களைப் பகிர வீரர்களுக்குத் தடை இருப்பதால், அன்பாகக் கேட்ட கேள்வியும் அவர்களுக்குச் சங்கடம். குடும்பத்தினரின் கணக்குகளைத் தோண்டுவது, எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்று எழுதுவது, பள்ளிப் பெயரைப் பரப்புவது எல்லாம் கூடவே கூடாது.

படி 10: ஒருமுறையாவது நேரில் போங்கள்

வாய்ப்புக் கிடைத்தால் பெரிய தொடரின் இறுதி நாளைவிடத் தகுதிச் சுற்று நாட்களுக்குப் போங்கள். அனுமதி மலிவு, சிறு தொடர்களில் பெரும்பாலும் இலவசம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து போய் வருவது மட்டும்தான் தெரியும். கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இடம் பிடித்தால் பந்தின் சுழற்சி, அது எகிறும் உயரம், வீரர் இடைவெளியை எப்படித் திறக்கிறார் என்பதெல்லாம் கண்ணுக்கு எதிரே நடக்கும். புள்ளி ஓடும்போது எழுந்து நடக்காதீர்கள், படம் எடுத்தால் ஃபிளாஷ் வேண்டாம்.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பயிற்சிக் கோர்ட்டுக்குப் போய்விடுங்கள். ஆட்டத்தில் ஒளித்துவைக்கும் விஷயங்கள் அங்கே வெளியே வரும்: எந்த ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார், எதை அடித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொள்கிறார், முழங்காலில் புதிதாகப் பட்டை ஒட்டியிருக்கிறதா. கையெழுத்து வேண்டுமென்றால் வென்ற பிறகு கேளுங்கள். தோற்று வெளியே வருகிறவரைப் போக விடுங்கள், சாயங்காலம் இரட்டையர் ஆட்டத்துக்குத் திரும்ப வருவார். அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் இருக்காது, முன்வரிசையில் இடம் கிடைக்கும். இரட்டையரில் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை பிரேக் என்பதால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியே வரும்போது மறுநாள் அட்டவணை ஒட்டியிருக்கிறார்களா என்று பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.